நன்றாக எறிந்துகொண்டிருந்த பேஸ்பால் பிட்சர் (பந்து எறிபவர்) திடீரென அடி வாங்கினால்: எங்கே பார்ப்பது, எந்த வரிசையில் பார்ப்பது

போன வருஷம் வரை அவன் பந்தை யாராலும் தொட முடியவில்லை. இந்த வருஷம் கடைசியாக ஆட வருகிற பையன்கூட வேலிக்கு மேலே தூக்கி அடிக்கிறான். ஒவ்வொரு வசந்த காலத்திலும் இப்படி இரண்டு மூன்று பேராவது என்னிடம் வருவார்கள். நான் வார இறுதிகளில் பேஸ்பால் பழக்குவது பெரும்பாலும் பதினைந்து, பதினாறு வயதுப் பையன்களுக்கு. கூட வரும் அப்பா அம்மா ஏற்கெனவே ஒரு முடிவோடு வருவார்கள். ஒன்று, "கை போயிடுச்சு கோச்." இல்லையென்றால், "மனசுல பயம் வந்துடுச்சு." பத்தில் ஏழெட்டு தடவை இரண்டுமே இல்லை.

அதைவிட மோசமான பழக்கம் ஒன்று பயிற்சியாளர்களான எங்களிடம் இருக்கிறது. முதல் நாளே பையன் எறியும் விதத்தைக் கலைத்துப் போட்டு, முதலிலிருந்து கட்ட ஆரம்பித்துவிடுவோம். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. காசு செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குங்கள், கையைக் கடைசியில் சந்தேகப்படுங்கள். இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு அறிகுறி 5 (விரல் மரத்துப்போவது, கை குளிர்வது). அது உங்கள் பையனுக்கு இருந்தால் மற்றதையெல்லாம் தாண்டி நேரே அங்கே போங்கள்.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. ஸ்லோமோஷன் எடுக்கும் போன், இரவல் வாங்கிய ரேடார் கன், ஒரு நோட்டு. அப்புறம், நன்றாக எறிந்த காலத்து வீடியோ. இந்தக் கடைசிச் சாமான் இல்லாமல் வருபவர்கள்தான் அதிகம். பழையது எப்படி இருந்தது என்று தெரியாமல் எது மாறியது என்று எப்படிச் சொல்வது? தாத்தா பாட்டிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய கிளிப் இருந்தால்கூடப் போதும், தேடி எடுங்கள். புதிய வீடியோவைப் பக்கவாட்டிலிருந்து ஒன்றும் கேட்சருக்கு (பந்தைப் பிடிப்பவருக்கு) பின்னாலிருந்து ஒன்றுமாக எடுங்கள்.

அறிகுறி 1: வேகம் இருக்கிறது, ஸ்ட்ரைக்கும் (அடிக்கத் தகுந்த எல்லைக்குள் வரும் பந்தும்) விழுகிறது, ஆனாலும் அடி

முதல் சந்தேகம் துரதிர்ஷ்டத்தின் மேல். பெரிய லீக்கிலேயே (மேஜர் லீக் பேஸ்பால்), ஹோம் ரன்னை விட்டுவிட்டால், மட்டையில் பட்டு மைதானத்துக்குள் விழும் பத்துப் பந்துகளில் சுமார் மூன்று ஹிட் (அடித்தவன் அவுட் ஆகாமல் தளத்தை அடையும் அடி) ஆகும். இரண்டு மூன்று ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது ஐந்தாகவும் ஆகலாம். பிட்சர் செய்த தப்பு அதில் ஒன்றும் இருக்காது. நோட்டில் ஒவ்வொரு ஹிட்டுக்கும் பக்கத்தில் 'பலமா', 'மெதுவா' என்று எழுதுங்கள். பாதிக்கு மேல் மெதுவாக உருண்டு போனவை என்றால் எதையும் தொடாதீர்கள். சும்மா இருப்பது மிகவும் கஷ்டமான சிகிச்சை. அப்பாக்களுக்கு அது சுத்தமாக வராது.

அடிகள் பலமானவைதான் என்றால், பையன் என்ன எறியப் போகிறான் என்பது எதிரணிக்கு முன்கூட்டியே தெரிகிறதா என்று பாருங்கள். 2019 அக்டோபரில் ஹூஸ்டனுக்கு எதிரான முடிவு கட்டும் ஆட்டத்தில் டாம்பா பேயின் டைலர் கிளாஸ்னோ முதல் இன்னிங்ஸிலேயே 4 ரன் கொடுத்தார். வேகத்தில் குறையில்லை. எந்தப் பந்து வரப்போகிறது என்பதை கிளவ் வைத்திருந்த விதமே காட்டிக்கொடுத்துவிட்டது என்று அவரே பிறகு ஒப்புக்கொண்டார்.

என்னிடம் வந்த ஒரு பையனின் குட்டையை உடைத்தது அவனுடைய எட்டு வயதுத் தங்கை. கேலரியில் உட்கார்ந்துகொண்டு அவன் எறிவதற்கு முன்பே "சேஞ்சப்! ஃபாஸ்ட்பால்!" என்று கத்திக்கொண்டிருந்தாள் (ஃபாஸ்ட்பால் முழு வேகப் பந்து, சேஞ்சப் அதே மாதிரி எறியும் மெதுவான பந்து). பத்துக்கு ஒன்பது சரியாக இருந்தது. சேஞ்சப்புக்காக விரலை மாற்றிப் பிடிக்கும்போது அவன் கிளவ் கொஞ்சம் விரிந்திருக்கிறது, அவ்வளவுதான். எல்லாப் பந்துக்கும் முதலில் சேஞ்சப் பிடியில் பிடித்துவிட்டு, வேண்டியபடி அப்புறம் மாற்றிக்கொள் என்றேன். இரண்டு வாரத்தில் சரியானது.

இதைச் சோதிக்க வீடியோவில் ஒலியை நிறுத்திவிட்டு, பந்து கையை விட்டுப் போகும் முன் நிறுத்தி நிறுத்தி, ஆட்டம் தெரியாத ஒருவரை ஊகிக்கச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் சரியாகச் சொன்னால் வியாதி இதுதான்.

அதுவும் இல்லையென்றால் நோட்டைப் புரட்டுங்கள். முதல் பந்து எத்தனை தடவை ஃபாஸ்ட்பால்? இரண்டு பந்து வெளியே போனபின் எத்தனை தடவை? பத்துக்கு எட்டு என்று வந்தால், எதிரணியில் ஒருவனுக்குக் கணக்குத் தெரிந்தாலும் போதும், கதை முடிந்தது.

கடைசியாகப் பந்தின் சுழற்சி. நகம் உடைந்திருக்கிறதா, விரல் நுனியில் கொப்புளம் இருக்கிறதா, குளிரில் பந்து வழுக்குகிறதா பாருங்கள். விரலில் பசை தடவும் வித்தையை யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் அதையும் கேட்டுவிடுங்கள். 2021 ஜூன் 21 முதல் பெரிய லீக் அம்பயர்கள் ஒவ்வொரு பிட்சரின் கையையும் தொப்பியையும் சோதிக்க ஆரம்பித்தபோது பலருடைய சுழற்சி ஒரே மாதத்தில் குறைந்தது. பசை போனதும் திறமையும் போன மாதிரி தெரிந்தது.

எப்போது ஆள் தேடுவது? நான்கையும் பார்த்தும் விடை இல்லையென்றால், அதிவேகக் கேமராவும் பந்தின் சுழற்சியை அளக்கும் கருவியும் உள்ள பயிற்சிக் கூடத்தில் ஒரே ஒரு முறை எறியச் சொல்லிப் பாருங்கள். ஒரு தடவை போதும், மாதச் சந்தா வேண்டாம்.

அறிகுறி 2: வேகம் குறைந்துவிட்டது

முதல் பந்திலிருந்தே குறைவா, ஆட்டத்தின் நடுவில்தான் குறைகிறதா? இரண்டும் வேறு வேறு வழிகள்.

நடுவில் குறைகிறது என்றால்

பெரும்பாலும் களைப்பு. பெரிய லீக்கும் அமெரிக்க பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து வெளியிட்டிருக்கும் வழிகாட்டியில் 15, 16 வயதுக்கு ஒரு நாளைக்கு 95 பந்துதான் எல்லை. 76 பந்தோ அதற்கு மேலோ எறிந்தால் 4 நாள் ஓய்வு. இது எல்லாப் பயிற்சியாளருக்கும் தெரியும். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. பையன் இரண்டு அணிகளில் ஆடுகிறான், ஒவ்வொரு அணியும் தன் கணக்கை மட்டும் வைத்துக்கொள்கிறது.

"அண்ணா, இவன் அவ்வளவு ஒன்னும் எறியலையே" என்று ஒரு அம்மா சொன்னார். காலண்டரை எடுத்துவரச் சொல்லி இருவருமாகக் கூட்டினோம். வியாழன் பள்ளிக்கு 80, சனிக்கிழமை வெளி அணிக்கு 70, ஞாயிறு "சும்மா ரெண்டு இன்னிங்ஸ்". இதற்கு மருந்து மூன்று வாரம் பந்தைத் தொடாமல் இருப்பது. எழுதியே கொடுத்தேன்.

முதல் பந்திலிருந்தே என்றால்

தரையிலிருந்து மேலே போங்கள். முதலில் ஷூ. சிரிக்காதீர்கள். பிள்ளை வளர்ந்திருப்பான், ஷூ போன வருஷத்தது. முன்னங்கால் ஊன்றும்போது விரல் நசுங்குகிறது, அதற்குப் பயந்து அவனுக்கே தெரியாமல் அடியைக் குறுக்கிக்கொள்கிறான். கால் விரலுக்கும் கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு நான் டிஸ்ஸி டீன் கதையைச் சொல்வேன். 1934இல் 30 ஆட்டங்கள் வென்றவர். 1937 ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் எர்ல் ஏவரில் அடித்த பந்து காலில் பட்டு விரல் உடைந்தது. அது ஆறும் முன்பே திரும்பி வந்து, வலிக்கு ஒதுங்கி ஒதுங்கி எறிந்ததில் கை கெட்டது. பழைய வேகம் கடைசி வரை திரும்பவில்லை.

ஷூ சரி என்றால் அடியின் நீளத்தை அளங்கள். மவுண்டில் (பிட்சர் நின்று எறியும் மேட்டில்) பின்னங்கால் ஊன்றிய இடத்திலிருந்து முன்னங்கால் விழுந்த தடம் வரை, அவன் ஷூவாலேயே எத்தனை ஷூ என்று எண்ணிப் பழைய வீடியோவோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் இடுப்பையும் தொடையையும் பாருங்கள். ஒற்றைக்காலில் நின்று மெதுவாகப் பாதி உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். இரண்டு காலுக்கும் வித்தியாசம் தெரிந்தாலோ, இடுப்பில் பிடிக்கிறது என்றாலோ, பிசியோவிடம் போகும் நேரம் வந்துவிட்டது.

இந்த இடத்தில் டிம் லின்ஸ்கம் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஆள் ஆறடிகூட இல்லை. உடம்பை வில்லாக வளைத்து, மிக நீளமான அடி வைத்து எறிந்தே மணிக்கு 94 மைல் கொண்டுவந்தவர். சான்ஃபிரான்சிஸ்கோவுக்காக 2008, 2009 இரண்டு வருஷமும் சை யங் விருது (லீக்கில் அந்த வருஷத்தின் சிறந்த பிட்சருக்குக் கொடுப்பது). 2012இல் வேகம் 90 அளவுக்கு இறங்கி, 10 வெற்றி, 15 தோல்வி, ரன் சராசரி (ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்த ரன்) 5.18. எல்லாரும் கையைப் பற்றியே பேசினார்கள். 2015 செப்டம்பரில் அறுவை சிகிச்சை நடந்தது இடுப்பில். அடுத்த வருஷம் ஏஞ்சல்ஸ் அணிக்கு 9 ஆட்டம் எறிந்தார், ரன் சராசரி 9.16, அதோடு சரி. கால் கொடுத்த வேகத்தைக் கால்தான் எடுத்துக்கொண்டது என்பது என் எண்ணம்.

இதில் ஒரு கண்ணி உண்டு. 2013 ஜூலையில் சான் டியாகோவுக்கு எதிராக 148 பந்து எறிந்து, ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முடித்தார் லின்ஸ்கம். 2014இல் அதே அணிக்கு எதிராக இன்னொரு முறை. இரண்டு தடவையும் "பழைய டிம் வந்துட்டார்" என்று கொண்டாடினோம், நானும்தான். ஒரு நல்ல நாளை வைத்துக் கோளாறு தீர்ந்ததாக எழுதாதீர்கள். நோட்டில் குறைந்தது ஐந்து ஆட்டம் தேவை.

நடு உடம்பும் கெடும். ஜஸ்டின் வெர்லாண்டருக்கு 2014 ஜனவரியில் அடிவயிற்றுத் தசையில் அறுவை சிகிச்சை, அந்த வருஷம் ரன் சராசரி 4.54. 31 வயது, முடிந்துவிட்டது என்று எழுதினார்கள். 2016இல் அமெரிக்கன் லீக்கிலேயே அதிக ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது), 254. அதற்குப் பிறகு இரண்டு சை யங், அதில் கடைசியை வாங்கியபோது வயது 39. அறுவை சிகிச்சைக்கு அடுத்த வருஷத்தை வைத்து யாரையும் எடை போட வேண்டாம்.

காலும் இடுப்பும் வயிறும் சரி என்றால் இப்போதுதான் கை.

முழங்கையின் உட்பக்கம் வலி, எறியும்போது 'டப்' என்ற சத்தம், பிடி தளர்வது, இதில் எது இருந்தாலும் அன்றைக்கே நிறுத்திவிட்டு எலும்பு மூட்டு மருத்துவரிடம் போங்கள். ஐஸ் வைத்து அடுத்த ஆட்டத்துக்கு இறக்கும் பயிற்சியாளரிடமிருந்து பையனை மீட்டுக்கொள்ளுங்கள். தசைநார் கிழிந்திருந்தால் செய்யும் அறுவை சிகிச்சைக்கு டாமி ஜான் என்ற பிட்சரின் பெயரே நிலைத்துவிட்டது. டாக்டர் ஃபிராங்க் ஜோப் அதை அவருக்குச் செய்தது 1974 செப்டம்பரில். அதற்கு முன் அவர் வென்றது 124 ஆட்டம், பிறகு 164. இந்தக் கணக்கைக் கேட்ட ஒரு அப்பா, "அப்ப முன்கூட்டியே பண்ணிட்டா வேகம் கூடுமா?" என்று கேட்டார். கூடாது. திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும், எல்லாரும் திரும்பி வருவதும் இல்லை.

தோள் அதைவிட மோசம். முழங்கையிலிருந்து மீண்டவர்களை நிறையக் காட்டலாம், தோளிலிருந்து மீண்டவர்களைத் தேட வேண்டியிருக்கும். இரண்டு சை யங் வாங்கிய யோஹான் சந்தானாவுக்கு 2010இல் தோளில் அறுவை சிகிச்சை. 2012 ஜூன் 1ஆம் தேதி 134 பந்து எறிந்து, மெட்ஸ் அணியின் வரலாற்றிலேயே முதல் நோ-ஹிட்டர் (ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்) எடுத்தார். அந்த ஆகஸ்டுக்குப் பிறகு பெரிய லீக்கில் அவர் எறியவே இல்லை. கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது தோளில் வலி என்றால் வீட்டு வைத்தியத்துக்கு இடமே கிடையாது.

எல்லாம் சரி, வயதுதான் என்றால்

பதினாறு வயதுக்காரனுக்கு இது பொருந்தாது. டிவியில் பார்க்கும் பெரியவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை லீக்கில் எறியும் நம் நாற்பது வயது நண்பர்களுக்கும் பொருந்தும். போன வேகத்தைத் தேடி அலையாமல் புதுப் பந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். சிசி சபாத்தியா 2007இல் சை யங் வாங்கியது வேகத்தால். வேகமும் போய், வலது முழங்காலும் கெட்டு, பட்டை கட்டிக்கொண்டு எறிந்த காலத்தில் ஆண்டி பெட்டிட் காட்டிய கட்டர் பந்தை (கடைசி நேரத்தில் லேசாக விலகுவது) நம்பினார். 2017இல் 37 வயதில் 14 வெற்றி, 5 தோல்வி.

அறிகுறி 3: ஸ்ட்ரைக்கே விழவில்லை

மவுண்டைப் பாருங்கள். முன்னால் எறிந்தவன் தோண்டிய குழியில் உங்கள் பையனின் கால் கோணலாக விழுகிறதா? மண்ணைத் தள்ளி மிதித்து நிரப்பினால் சில சமயம் அதோடு தீர்ந்துவிடும்.

அப்புறம், பந்து எங்கே தவறுகிறது என்று இருபது பந்துக்குப் புள்ளி வையுங்கள். வலதுகைக்காரனுக்குப் பந்துகள் அவனுடைய வலப்பக்கம், உயரத்தில் சேர்ந்து விழுந்தால், உடம்பு முன்னால் ஓடிவிட்டது, கை பின்தங்கிவிட்டது. இடப்பக்கம் தாழ்வாகச் சேர்ந்தால், பந்தை இழுத்து, தாமதமாக விடுகிறான். இடதுகைக்காரனுக்குப் பக்கத்தை மாற்றிப் படியுங்கள். புள்ளிகள் ஒரே இடத்தில் சேர்ந்தால் நல்ல செய்தி, ஒரே ஒரு கோளாறுதான். நாலா பக்கமும் சிதறினால், முன்னங்கால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் விழுகிறதா என்று மண்ணில் தடம் பாருங்கள்.

எறியும் விதத்தையே மாற்றும் பெரிய வேலை இதற்கும் பிறகுதான். அதை வீட்டில் செய்யாதீர்கள், யூடியூப் பார்த்துச் செய்யவே செய்யாதீர்கள். அது எப்படிப்பட்ட வேலை என்பதற்கு ராய் ஹாலடே போதும். 1998இல் தன் இரண்டாவது ஆட்டத்திலேயே நோ-ஹிட்டருக்கு ஒரே ஒரு அவுட் தூரம் வரை போனவர், 2000இல் ஒன்பது இன்னிங்ஸுக்கு 10.64 ரன் கொடுத்தார். டொரான்டோ அவரைக் கீழே, கீழே என்று ஏ நிலை லீக் வரை இறக்கியது. அங்கே மெல் குவீன் என்ற பயிற்சியாளர், தலைக்கு நேர் மேலிருந்து வந்த கையை முக்கால் உயரத்துக்குத் தாழ்த்தினார். நேராக வந்துகொண்டிருந்த பந்து வளைய ஆரம்பித்தது. 2003இல் சை யங், 2010இல் பிலடெல்பியாவுக்கு ஆடும்போது இன்னொன்று, அதே வருஷம் ஒரு பெர்ஃபெக்ட் கேம் (ஒரு பேட்டரைக்கூடத் தளத்துக்கு விடாத ஆட்டம்). ஆனால் 24 வயதில், சம்பளத்தோடு, முழுநேரமும் கூடவே நின்ற ஒரு ஆசானோடு அவர் அதைச் செய்தார். சனிக்கிழமை இரண்டு மணி நேரத்தில் எனக்கு அது வராது.

பயிற்சியில் நன்றாக விழுகிறது, ஆட்டத்தில்தான் விழவில்லை என்றால்

இந்தக் கிளைக்கு வந்துவிட்டால் எறியும் விதத்தைத் தொடாதீர்கள். இதற்குப் பெயரே ஸ்டீவ் பிளாஸ் வியாதி. பிட்ஸ்பர்க்கின் பிளாஸ் 1972இல் 19 ஆட்டம் வென்றார், ரன் சராசரி 2.49. 1973இல் 88 இன்னிங்ஸ் சொச்சத்தில் 84 பேரை நடக்கவிட்டார் (ஸ்ட்ரைக் விழாததால் அடிக்காமலே முதல் தளத்துக்கு அனுப்பினார்), சராசரி 9.85. உடம்பில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. ரிக் ஆங்கீல் 2000 அக்டோபர் 3ஆம் தேதி, 21 வயதில், ஒரே இன்னிங்ஸில் 5 வைல்ட் பிட்ச் (கேட்சரால் பிடிக்க முடியாதபடி தவறிப் போகும் பந்து) போட்டார். பிட்சராகப் பழையபடி வரவில்லை. 2007இல் வெளிமைதான வீரராக, மட்டையோடு திரும்பி வந்தார்.

சோதனை சுலபம். அதே பையனைக் காலி மைதானத்தில் எறியச் சொல்லுங்கள். பிறகு ஒரு பேட்டரை நிறுத்துங்கள், பிறகு பத்து பேரைச் சுற்றி நிற்க வையுங்கள். எந்தப் படியில் கெடுகிறது என்று தெரிந்துவிடும். செய்யக் கூடாதது, "ரிலாக்ஸா எறிடா" என்று கேலரியிலிருந்து கத்துவது. நான்கு வாரத்தில் மாறவில்லையென்றால் விளையாட்டு உளவியலாளரைப் பாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டேனியல் பார்டு இப்படித்தான் 2013க்குப் பிறகு பெரிய லீக்கிலிருந்து காணாமல் போய், ஓய்வும் அறிவித்து, அரிசோனா அணியில் இளம் வீரர்களின் மனப் பயிற்சிக்கு உதவும் வேலை பார்த்தார். அந்தப் பையன்களோடு சும்மா பந்து போட்டுக்கொண்டிருந்தபோது கை ஒழுங்காக வருவதைக் கவனித்தார். 2020இல் கொலராடோவுக்காக மீண்டும் மவுண்டில்.

அறிகுறி 4: இரண்டு சுற்று நன்றாக, மூன்றாவது சுற்றில் அடி

இது கோளாறே இல்லை. ஒரே பேட்டர் மூன்றாம் முறை வரும்போது பந்து அவனுக்குப் பழகிவிடுகிறது. ஒரு பந்தை முதல் சுற்றில் காட்டாமல் ஒளித்து வையுங்கள், அல்லது அங்கேயே ஆளை மாற்றுங்கள்.

அறிகுறி 5: விரல் மரத்துப்போகிறது, கை குளிர்கிறது, நிறம் மாறுகிறது

வரிசையெல்லாம் வேண்டாம். இன்றைக்கே மருத்துவர். கை வீங்கினாலோ நீலம் பாய்ந்தாலோ அவசர சிகிச்சைப் பிரிவு. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் நசுங்கும் நிலை இது, சிலருக்கு ரத்தக்கட்டு வரை போகும். மெட்ஸ் அணியின் மேட் ஹார்விக்கு 2016இல் இதற்காக அறுவை சிகிச்சை நடந்தது. பழைய ஹார்வி திரும்பவில்லை. 2019 உலகத் தொடரின் நாயகனான ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க், அதற்குப் பின் 245 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டு மொத்தம் 8 ஆட்டம்தான் எறிய முடிந்தது, காரணங்களில் இதுவும் ஒன்று. ஆட்டம் முக்கியமா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

அறிகுறி 6: உடம்பு சரி, பந்து சரி, மைதானத்துக்கு வரத்தான் பிடிக்கவில்லை

காரில் ஏறும்போது முகம் மாறுகிறதா, ஆட்டத்துக்கு முந்தின இரவு தூங்குகிறானா பாருங்கள். அவனிடம் கேளுங்கள், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ஜாக் கிரெய்ன்கி 2006இல் மனச்சோர்வும் பதற்றமும் தாங்காமல் ஆட்டத்தை விட்டே போய்விட்டார். சிகிச்சை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, 2009இல் சை யங் வாங்கினார். ஒரு சீசன் விட்டால் கல்லூரி உதவித்தொகை போய்விடுமே என்ற கணக்கை அந்த நேரத்தில் போடாதீர்கள்.

திரும்ப எறியத் தொடங்கும்போது

மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான். முதலில் சமதரையில் 45 அடி, அப்புறம் 60, 90, 120. ஒவ்வொரு தூரத்திலும் வலியில்லாமல் குறைந்தது இரண்டு நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு. மருத்துவரோ பிசியோவோ வேறு கணக்குச் சொன்னால் அவர்கள் சொல்வதுதான். பிறகு மவுண்ட், பாதி பலத்தில், ஃபாஸ்ட்பால் மட்டும். அடுத்து சேஞ்சப். வளையும் பந்துகள் எல்லாவற்றுக்கும் கடைசியில். முதல் ஆட்டத்தில் 25, 30 பந்து போதும், நன்றாகப் போனாலும் எடுத்துவிடுங்கள்.

வேகம் எவ்வளவு என்று பையன் முதல் நாளே கேட்பான். அப்பாவும் கேட்பார். அந்த முதல் ஆட்டம் முடியும் வரை ரேடார் கன் என் கார் டிக்கியில்தான் இருக்கும்.